கிளினிக் குழுமம், வீட்டுப் பராமரிப்பு நிறுவனம்: கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்ப்பது?

#1 பொங்கோல்வாசி

சிங்கப்பூரில் இரண்டு வேலைகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கிளைகள் வைத்திருக்கும் கிளினிக் குழுமத்தில் கிளினிக் அசிஸ்டண்ட். "மாதம் 2,400 வெள்ளி, வேலை நேரம் ரோஸ்டர்படி" என்று கடிதம் சொல்கிறது. இன்னொன்று, வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் பராமரிப்பு உதவியாளர். 2,300 வெள்ளியோடு "ஒவ்வொரு வருகைக்கும் ஊக்கத்தொகை". இணையத்தில் ஊழியர் மதிப்புரைகளைத் தேடினால் "கூட்டாளிகள் நல்லவர்கள், வேலைப் பளு அதிகம்" என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே வேலை எப்படி நடக்கிறது, எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சம்பளச்சீட்டு

தம்பி, 2,400 என்ற எண்ணை முதலில் பிரித்துப் பாருங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு? பல கடிதங்களில் 2,000 அடிப்படை, மீதி 400 "வருகைப் படி", "சீருடைப் படி" என்று கிடக்கும். கைக்கு வருவது ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகிறது.

மனிதவள அமைச்சின் கணக்கு இது: அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44, அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு.

அடிப்படை 2,000 என்றால் மணிக்கு 10.49, ஓடி 15.73 வெள்ளி. அடிப்படை 2,400 என்றால் மணிக்கு 12.59, ஓடி 18.88. மாதம் 20 மணி நேரம் ஓடி செய்பவருக்கு இந்தப் பிரிப்பினால் மட்டும் 63 வெள்ளி குறைகிறது. வருகைப் படியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அந்த மாதப் படி முழுவதையும் வெட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. காய்ச்சலோடு ஆட்கள் கவுன்ட்டரில் உட்காருவது இதனால்தான். நோயாளிகள் வந்து போகும் இடத்தில் இப்படி ஒரு விதி வைப்பதே தவறு என்பது என் கருத்து.

வேலை தொடங்கிய 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தந்தாக வேண்டும், 2016 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். அதில் அடிப்படை, படிகள், பிடித்தங்கள், ஓடி விகிதம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். 14 நாள் காத்திருக்காதீர்கள். கையெழுத்துக்கு முன்பே கேட்டால் நல்ல நிறுவனம் தந்துவிடும்.

#3 தோ_பாயோ_பழசு

கிளினிக் அசிஸ்டண்ட் கவுன்ட்டர் வேலை, அலுவலக ஊழியர் கணக்கு. அவர்களுக்கு ஓடி கிடையாது என்றுதான் பல இடங்களில் சொல்கிறார்கள்.

#4 சம்பளச்சீட்டு

அண்ணே, அது தவறான தகவல், ஆனால் பரவலான தகவல். வேலைவாய்ப்புச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரம், ஓடி, ஓய்வுநாள் பற்றிப் பேசுகிறது. உடலுழைப்பு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை அது பொருந்தும். மற்றவர்களுக்கு 2,600 வரை. மேலாளர், நிர்வாகிப் பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. கவுன்ட்டர் ஊழியர் 2,600க்குள் இருந்தால் ஓடி அவருடைய உரிமை.

பதவி உயர்வு வரும்போதும் இந்த 2,600ஐ நினைவில் வையுங்கள். அடிப்படை 2,550 வாங்கும் ஒருவருக்கு ஓடி மணிக்கு ஏறக்குறைய 20 வெள்ளி. மாதம் 9 மணி நேரம் செய்தால் 180. அவரை "சீனியர்" ஆக்கி 2,700 கொடுத்து, ஒப்பந்தத்தில் ஓடி பற்றி ஒன்றும் எழுதாவிட்டால், 150 ஏறி 180 இறங்குகிறது. ஒப்பந்தத்தில் ஓடி தொடரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை.

#5 கவுன்ட்டர்_அக்கா

ரோஸ்டரைப் பற்றி நான் சொல்கிறேன். பேட்டைக் கிளினிக்குகளில் ஒரு நாள் மூன்று துண்டாக ஓடும். காலை 8.30 முதல் 12.30, பிற்பகல் 2 முதல் 4.30, மாலை 6 முதல் 9 என்பது வழக்கமான அமைப்பு. கூட்டினால் ஒன்பதரை மணி நேர வேலை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப 14 மணி நேரம் ஆகிவிடும். இடைவெளிகளுக்குச் சம்பளம் இல்லை, வேலை நேரத்திலும் சேராது. பொங்கோலில் இருந்துகொண்டு பூன் லேயில் கிளை கொடுத்தால், 4.30க்கும் 6க்கும் நடுவில் வீட்டுக்கு வந்து போக முடியாது. எந்தக் கிளை, கிளை மாற்றம் உண்டா, மாற்றினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள்: இதை எழுத்தில் வாங்குங்கள்.

இடைவெளியில் உண்மையிலேயே வேலை இல்லையா என்றும் கேளுங்கள். ஆய்வகத்துக்காரர் ரத்த மாதிரி எடுக்க வருவது, மருந்து விநியோகம் வந்து இறங்குவது எல்லாம் பெரும்பாலும் மதியம்தான். கதவை மூடிவிட்டு உள்ளே பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தால் அது இடைவேளை அல்ல, வேலை.

இரவு 9 மணி என்பதும் முடியும் நேரம் அல்ல. கடைசிப் பதிவு 8.45க்கு எடுத்தால் மருத்துவர் பார்த்து, மருந்து கொடுத்து, பணம் வாங்க 9.10. பிறகு ரொக்கம், நெட்ஸ் அட்டை, பேநவ் இணையப் பணம் மூன்றையும் கணினிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மருந்து அலமாரி பூட்டு, குளிர்பெட்டி வெப்பநிலைப் பதிவு, மறுநாள் பட்டியல். சராசரி 25 நிமிடம். 22 நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மேலே சொன்ன 15.73 கணக்கில் மாதம் 144 வெள்ளி. வருகைப் பதிவு இயந்திரத்தில் 9 மணிக்கே அடித்துவிட்டு மூடும் வேலையைப் பார்க்கச் சொல்லும் கிளைகளில் இந்தப் பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. முதல் வாரத்திலிருந்தே எல்லாம் முடித்துக் கிளம்பும்போது அடியுங்கள்.

#6 பொங்கோல்வாசி

நன்றி அக்கா. ரொக்கம் குறைந்தால் யார் கட்டுவது?

#7 கவுன்ட்டர்_அக்கா

இன்று மாலை நீங்கள், காலை வேறொருவர், ஒரே இழுப்பறை, ஒரே கணக்கு. இப்படி இருக்கும் இடத்தில் பற்றாக்குறை வந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு பகுதி முடிவிலும் எண்ணி, இருவர் கையெழுத்திட்டு ஒப்படைக்கும் முறை இருக்கிறதா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள்.

சட்டப்படி பணம் அல்லது பொருள் இழப்புக்குப் பிடித்தம் செய்யலாம், ஆனால் விசாரித்து, உங்கள் விளக்கத்தைக் கேட்டு, உங்கள் தவறு என்று உறுதியான பிறகுதான். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரே முறைதான். "எல்லோரும் ஆளுக்கு 20 போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்பது இந்த விதிக்குள் வராது.

தடுப்பூசிக் குளிர்பெட்டியிலும் இதே பிரச்சினை வரும். 2 முதல் 8 பாகை செல்சியஸ். காலையில் திறந்ததும், இரவு மூடுமுன்னும் அப்போதைய அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம் மூன்றையும் எழுதி, பிறகு கருவியை மீட்டமைக்க வேண்டும். மீட்டமைக்காவிட்டால் நேற்றைய உச்சமே இன்றும் காட்டும், எப்போது ஏறியது என்று தெரியாது. அடிக்கடி நடக்கும் தவறுகள்: துப்புரவாளர் மின்விசிறி என்று நினைத்துக் குளிர்பெட்டிச் சுவிட்சை அணைப்பது, கதவுப் பக்க அடுக்கில் ஊசிமருந்தை வைப்பது, உறைபகுதித் தட்டை ஒட்டிப் பெட்டியை அடுக்குவது. சூடானதை விட உறைந்தது மோசம், அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் ஒரு முறை உறைந்தால் வீண். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம்.

வரம்பு தாண்டியது தெரிந்தால் தூக்கியும் எறியாதீர்கள், பயன்படுத்தவும் விடாதீர்கள். "பயன்படுத்தாதே" என்று எழுதி 2–8 பாகை உள்ள வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். எத்தனை பாகை, எவ்வளவு நேரம் என்று குறித்து மருத்துவரிடமும் விநியோகிப்பாளரிடமும் சொல்லுங்கள். பதிவேட்டை மறுநாள் காலையில் உட்கார்ந்து சீராக 4, 4, 4 என்று நிரப்பும் பழக்கம் உள்ள கிளை என்றால், ஏதாவது நடக்கும் நாளில் கடைசியாகக் கையெழுத்திட்டவர்தான் மாட்டுவார்.

#8 ஊட்ரம்_பக்கம்

சாஸ் (அரசின் மருத்துவக் கட்டணக் கழிவுத் திட்டம்), மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கோரிக்கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயைத் தேர்வு செய்வது மருத்துவரின் வேலை. கவுன்ட்டரில் இருப்பவர் "நாள்பட்ட நோய் என்று போட்டால் கழிவு அதிகம்" என்று தானாக மாற்றக்கூடாது. சுகாதார அமைச்சு கோரிக்கைகளைத் தணிக்கை செய்கிறது. மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் கோரிக்கையில் இருந்தால், யாருடைய கணக்கில் நுழைந்து அனுப்பினார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எனவே ஒருவருடைய கடவுச்சொல்லை மூன்று பேர் பயன்படுத்தும் கிளையில் சேர்ந்தால், முதல் நாளே சொந்தக் கணக்கு கேளுங்கள். மெடிசேவ் ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்து விடுபட்டால் அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தேசிய மின்னியல் மருத்துவப் பதிவில் அண்டை வீட்டார், உறவினர் பெயரைத் தட்டிப் பார்ப்பது வேலையைப் பறிக்கும். ஒவ்வொரு பார்வையும் பதிவாகிறது.

#9 சக்கரநாற்காலி

இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுப் பராமரிப்பில் பணம் கரையும் இடம் பயணம். ஒரு வருகை ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அங் மோ கியோவில் காலை 8 முதல் 10, அடுத்தது பிடோக்கில் 11.30, பிறகு தெம்பனிஸில் 3 மணி என்று அட்டவணை போட்டால் நாள் முழுவதும் பேருந்தில். சட்டம் வேலை நேரத்தை "முதலாளியின் ஏவலில் இருக்கும் நேரம், ஓய்வும் உணவு இடைவேளையும் நீங்கலாக" என்ற பொருளில்தான் வரையறுக்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நேராகப் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கிறார்களா, பேருந்துக் கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். ஊக்கத்தொகை பற்றி ஒரே கேள்வி: வாசலில் போய் நின்ற பிறகு குடும்பம் வருகையை ரத்து செய்தால் அது வருகையாகக் கணக்காகுமா?

அடுத்தது முதுகு. நோயாளியின் எடை, அவரால் காலில் எவ்வளவு பாரம் தாங்க முடியும், ஒருவர் போதுமா இருவர் வேண்டுமா என்பது பராமரிப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும். "இருவர்" என்று எழுதியிருந்தும் ஒருவரை அனுப்பிவிட்டு, வீட்டுப் பணிப்பெண் உதவுவார் என்று சொல்வது நடக்கிறது. அப்படியென்றால் மேற்பார்வைத் தாதியிடம் அழைத்துக் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியில் வாங்கிய பிறகே தூக்குங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய வலுவான பக்கத்தில், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், இரு சக்கரத் தடையும் போட்டு, கால்தாங்கிகளை விலக்கி. இடுப்புப் பட்டையைப் பிடிக்க வேண்டும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் பக்கவாதத் தோள் நழுவும். வீவக குளியலறையில் வாசல் திண்டு இருக்கும், சக்கரம் வைத்த குளியல் நாற்காலியைப் பின்புறமாக இறக்க வேண்டும், முன்புறமாக இறக்கினால் ஆள் முன்னால் சரிவார்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, தாதியோ குடும்பத்தினரோ முன்கூட்டிப் பிரித்து வைத்த பெட்டியிலிருந்து நினைவூட்டி எடுத்துக் கொடுப்பது வரைதான். புட்டியிலிருந்து நீங்களே எண்ணி எடுப்பது வேறு வேலை. மூக்குக்குழாய் உணவு என்றால் தாதி பயிற்சி கொடுத்து, தகுதிச் சான்றில் கையெழுத்திட்ட பிறகுதான். ஒவ்வொரு முறையும் குழாயின் வெளிக்குறி நகர்ந்திருக்கிறதா பார்த்து, உறிஞ்சிய திரவத்தைப் பிஎச் (அமிலத்தன்மை) தாளில் சோதித்து, நிறுவனம் வகுத்த அளவுக்குள் இருந்தால் மட்டும் ஊட்டுங்கள். சந்தேகம் என்றால் ஊட்டாதீர்கள், அழைத்துச் சொல்லுங்கள். ஒரு வேளை தள்ளிப்போவதைச் சரிசெய்துவிடலாம், நுரையீரலுக்குள் பால் போனால் உயிருக்கே ஆபத்து.

#10 இரவுப்பணி

சில வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் ஆட்களைத் தாதிமை இல்லங்களுக்கும் அனுப்புகின்றன. அங்கே இரவு ஷிஃப்ட் வரும். ரோஸ்டரில் "ஸ்லீப்பிங் டே" (இரவுப் பணி முடித்துத் தூங்கும் நாள்), "டே ஆஃப்" (ஓய்வுநாள்) இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை காலை 7.30க்கு இரவுப் பணி முடித்தவரை ஞாயிறு காலை 7.30 ஷிஃப்ட்டுக்குப் போட்டுவிட்டு, சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்பார்கள். அது 24 மணி நேரம். ஷிஃப்ட் ஊழியருக்கு ஓய்வுநாள் என்றால் தொடர்ந்து 30 மணி நேரம், அதாவது ஞாயிறு பிற்பகல் 1.30க்கு முன் கூப்பிட முடியாது.

ஓய்வுநாளில் வேலை செய்தால் யார் கேட்டது என்பதைப் பொறுத்துப் பணம் மாறும். முதலாளி கேட்டு, அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம், அரை நாள் வரை என்றால் ஒரு நாள். நீங்களே கேட்டுச் செய்தால் அதில் பாதி. இதனால் வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு ஆள் குறைவு, யார் வர முடியும்?" என்று வரும் செய்திக்கு "நான் வருகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், நீங்களாகக் கேட்டதுபோல் ஆகிவிடும். "நீங்கள் கேட்டுக்கொண்டபடி நாளை ஓய்வுநாளில் வருகிறேன்" என்று எழுதுங்கள். பிறகு படமெடுத்து வையுங்கள்.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால்: உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். அந்த நிமிடமே மேற்பார்வையாளரிடம் சொல்லி, எந்த நோயாளி என்று குறித்து, மருத்துவரைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பாற்றல் அளவைப் பரிசோதித்த முடிவு கையில் இருந்தால் பாதிக் கவலை தீரும், வேலையில் சேரும்போதே கேளுங்கள். பல குத்துகள் ஊசியைத் திரும்ப மூடும்போதும், முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பிய கூர்பொருள் பெட்டியில் திணிக்கும்போதும் நடக்கின்றன. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு எம்சி கொடுத்தால், அதைச் சாதாரண எம்சியாகப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் அந்த விடுப்புக்குத் தனிச் சம்பளம் உண்டு, உங்கள் 14 நாள் எம்சியிலிருந்து கழியக்கூடாது.

#11 தெக்கா_வழி

தீபாவளிக்கு விடுப்பு கிடைக்குமா என்று எப்போதும் கேட்கிறார்கள். அது 11 பொது விடுமுறைகளில் ஒன்று. கிளினிக் திறந்திருந்து உங்களை வரச் சொன்னால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், அல்லது இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வேறு நாள். உங்கள் ஓய்வுநாளில் விழுந்தால் அடுத்த வேலைநாள் விடுமுறை. ஓய்வுநாளும் இல்லாமல் வேலைநாளும் இல்லாமல், ஐந்து நாள் வாரக்காரரின் சனிக்கிழமை போன்ற நாளில் விழுந்தால், வேறொரு நாள் விடுப்போ ஒரு நாள் சம்பளமோ தர வேண்டும். இதைத்தான் பல இடங்களில் மறக்கிறார்கள். தைப்பூசத்துக்கு ஆண்டு விடுப்புதான். ரோஸ்டர் போடுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். காவடி எடுப்பவர் விரதம் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பித்தால் இன்னும் நல்லது.

#12 மதுரை_செவிலியர்

ஊரில் பிஎஸ்சி நர்சிங் முடித்தவர்கள் இதே நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தால்?

#13 இரவுப்பணி

சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தில் பதிவு இல்லாமல் தாதியாக வேலை செய்ய முடியாது. எனவே "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால், உங்கள் பாஸில் எந்தப் பதவி எழுதப்போகிறார்கள் என்று கேளுங்கள். பராமரிப்பு உதவியாளர் என்று வந்தால் சம்பளமும் அதற்கேற்றதுதான், ஊசி போடும் வேலையைச் செய்யச் சொல்லவும் கூடாது. எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியர் அனுமதி) என்றால் புதிய விண்ணப்பத்துக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தது 3,300 வெள்ளி, வயதோடு ஏறும். ஏஜெண்ட் கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. லெவியை (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை) உங்களிடமிருந்து வாங்குவதும், வேலை கொடுத்ததற்கு முதலாளி பணம் கேட்பதும் குற்றம்.

#14 பொங்கோல்வாசி

கிளினிக் குழுமத்தின் எச்ஆர் மாதிரி ரோஸ்டர் அனுப்பினார்கள். முதல் வாரம் 50 மணி, இரண்டாவது 46, மூன்றாவது 36. சராசரி 44தான், அதனால் ஓடி வராது என்கிறார்கள். சரியா?

#15 சம்பளச்சீட்டு

கூட்டினால் 132, மூன்றால் வகுத்தால் 44. கணக்கு சரி. ஆனால் மூன்று வாரச் சராசரி ஷிஃப்ட் ஊழியருக்கு மட்டும்தான். அதற்கும் சட்டத்தின் 38, 40 பிரிவுகளை உங்களுக்கு விளக்கி, எழுத்தில் உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. ஷிஃப்ட் ஊழியர் இல்லை என்றால் இரண்டு வாரக் கணக்குதான்: ஒரு வாரத்தில் 48க்கு மேல் இல்லை, தொடர்ந்த இரண்டு வாரத்தில் 88க்கு மேல் இல்லை. உங்கள் முதல் வாரமே 50, முதல் இரண்டு வாரம் 96.

அக்கா சொன்ன மூன்று துண்டு நாளில் அதே ஆள் காலையும் மாலையும் வருகிறார். அதை எந்த அடிப்படையில் ஷிஃப்ட் என்கிறார்கள் என்று எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பதிலையும் இந்த மாதிரி ரோஸ்டரையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டாடம் எனும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணிக்குப் போக நேர்ந்தால், வேலையில் இருக்கும்போது என்றால் பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள்ளும், விலகிய பிறகு ஆறு மாதத்துக்குள்ளும் மனு கொடுக்க வேண்டும். அங்கே அவர்கள் கேட்பது சம்பளச் சீட்டும் ரோஸ்டரும்தான். நிறுவனச் செயலியில் இருக்கும் ரோஸ்டர் விலகிய அன்றே மறைந்துவிடும்.

#16 பொங்கோல்வாசி

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அடிப்படை எவ்வளவு, எந்தக் கிளை, ஷிஃப்ட் எந்த அடிப்படையில், மூடும் நேரத்துக்குப் பின் வருகைப் பதிவு எப்போது என்ற நான்கையும் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு ரத்தான வருகை பற்றிய கேள்வியும் போயிருக்கிறது. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.